பைக் சர்வீஸ் நோட்டு: சேலம், ஏற்காடு பக்கம் வண்டி ஓட்டுறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

2013-ல இருந்து ஒரே வண்டிதான் ஓட்டிட்டு இருக்கேங்க. 150 சிசி, கார்புரேட்டர் வண்டி, முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். வீடு கோரிமேடு பக்கம், வேலை ஏற்காட்டுல, வாரத்துல மூணு நாளாவது அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி சாயங்காலம் இறங்கிடுவேன், மத்த நாள் டவுனுக்குள்ள அஸ்தம்பட்டி, அஞ்சு ரோடு, ஜங்ஷன்னு சுத்துறது. இதுவரைக்கும் ஒரு லட்சத்து 18 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு, ஒவ்வொரு வேலையும் நோட்டுல இருக்கு. பட்டறையில உக்காந்து நோட்டை எடுத்தாலே பக்கத்துல இருக்கறவங்க ஏதாவது கேப்பாங்க, அப்படி திரும்ப திரும்ப கேட்ட கேள்விகளுக்கு இங்க பதில் எழுதி வெச்சிருக்கேன்.

சர்வீஸ் எப்ப பண்ணோம்னு ஞாபகம் இருக்குமே, இதுக்கு எதுக்குங்க நோட்டு?

இருக்காதுங்க. "போன மாசம்தான் ஆயில் மாத்துனேன்"னு அடிச்சு சொல்லிட்டு, நோட்டைப் பார்த்தா நாலு மாசம் ஆகியிருக்கும், எனக்கே எத்தனையோ தடவை நடந்திருக்கு. இதுல ஒரு சம்பவத்தை மட்டும் விவரமா சொல்லணும். 2017 மே மாசம், கோடை விழா கூட்டம், சாயங்காலம் இறங்கிட்டு இருக்கேன், முன்னாடி பஸ்ஸு வேன்னு வரிசையா ஊர்ந்து போகுது, ஓவர்டேக் பண்ண வழியில்ல, பிரேக்கைப் புடிச்சு புடிச்சு விட்டுட்டே வரேன், பாதி மலை இறங்கினதும் முன் பிரேக் லீவர் திடீர்னு பொதபொதன்னு ஆகி கைப்பிடியைத் தொட்டுடுச்சு. புடிப்பே இல்ல. பின் பிரேக்கையும் ஃபர்ஸ்ட் கியரையும் வெச்சு எப்படியோ ஓரமா நிறுத்திட்டேன், அரை மணி நேரம் ஆறவிட்டதும் லீவர் தானா சரியாயிடுச்சு.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் கேட்ட முதல் கேள்வியே "பிரேக் ஆயில் எப்ப மாத்துன?" என்கிட்ட பதில் இல்ல, வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டுனா நாலு வருஷத்துல ஒரு தடவை கூட மாத்தவே இல்ல. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். டாட் 4-ங்கறது பிரேக் ஆயில்ல ஒரு கிரேடு, அது புதுசா இருக்கும்போது கொதிக்க 230 டிகிரியாவது வேணும், தண்ணி சேர்ந்து பழசானதுக்கு 155 வரைக்கும் இறங்கினாலும் அது தர அளவுக்குள்ளதான், நாலு வருஷம் கிடந்தது அதுக்கும் கீழ கூட போயிருக்கலாம். மலை இறங்கும்போது டிஸ்க்கைப் புடிக்கிற காலிப்பர் நல்லா சூடேறும், உள்ள ஆயில் கொதிச்சு ஆவி ஆயிடும், ஆவியை எவ்வளவு அமுக்கினாலும் பேடுக்கு அழுத்தம் போகாது. அதனாலதான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்னு சொல்றாங்க, வண்டி ஓடுனாலும் சரி சும்மா நின்னாலும் சரி. அதுவரைக்கும் நான் என்னென்ன பண்ணோம்னு மட்டும்தான் எழுதிட்டு இருந்தேன். அன்னைக்கு ராத்திரி நோட்டோட கடைசிப் பக்கத்துல "அடுத்து எப்ப"ன்னு தனியா ஒரு பட்டியல் போட்டேன். என்னைக் கேட்டா நோட்டுல ரொம்ப முக்கியமான பக்கம் அதுதான், எது விட்டுப்போச்சுன்னு அது ஒண்ணுதான் காட்டும்.

என்னென்ன எழுதணும்?

தேதி, ஓடோமீட்டர் ரீடிங், என்ன வேலை, என்ன பார்ட், யார் பண்ணுனது, எவ்வளவு ஆச்சு. இதோட ஏன் பண்ணோம்னு ஒரு வரி. இந்த "ஏன்"ங்கறதைதான் நிறைய பேர் விட்டுடுவாங்க. "கோன் செட் மாத்துனது"ன்னு (ஹேண்டில் திரும்புற இடத்து பேரிங்) மட்டும் எழுதுனா ரெண்டு வருஷம் கழிச்சு ஒண்ணும் புரியாது, "பிரேக் புடிச்சா ஹேண்டில்ல டக்கு டக்குன்னு சத்தம், கோன் செட் மாத்துனோம், சத்தம் போச்சு"ன்னு எழுதியிருந்தா மறுபடி அதே சத்தம் வந்தவுடனே எங்க பார்க்கணும்னு தெரிஞ்சிடும். சத்தம் போகலைன்னா அதையும் எழுதுங்க, அந்தப் பார்ட் மேல தப்பு இல்லைன்னு தெரிஞ்சதும் ஒரு தகவல்தான்.

என் நோட்டுல இருக்கற ஒரு வரியை அப்படியே தரேன்: "12.6.2024, மீட்டர் 42,180, இன்ஜின் ஆயில் 20டபிள்யூ50 மாத்துனது, பழைய ஆயில் கருப்பு, இரும்புத் தூள் இல்ல. டேப்பட் பார்த்தாச்சு. செயின் லூஸ், டைட் வெச்சது. பின் பிரேக் ஷூ இன்னும் பாதி இருக்கு." டேப்பட்னா வால்வு இடைவெளி. மீட்டர் நடுவுல மாத்துனது, அந்தக் கணக்கு கீழ இருக்கு. அவ்வளவுதான், இதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகுமா?

நோட்டா, போனா, எக்ஸெல்லா?

உங்களுக்கு எது கைக்கு வருதோ அது. நான் நோட்டுலதான் எழுதுறேன், போன் மாறும், ஆப் மூடிடுவாங்க, பாஸ்வேர்டு மறக்கும். நோட்டை வண்டியில வைக்காதீங்க, மழையில நனைஞ்சு இங்க் கரைஞ்சிடும், வீட்டுல ஆர்சி புக்கோட சேர்த்து வைங்க. பட்டறையில இருக்கும்போது மீட்டரை மட்டும் போன்ல ஒரு போட்டோ எடுத்துடுங்க, அந்த போட்டோவுலயே தேதி இருக்கும், வீட்டுக்கு வந்து பார்த்து எழுதிக்கலாம்.

பில்லுன்னா இன்னொண்ணு சொல்லணும். மெஷின்ல வர வழவழப்பான பில் இருக்கு பாருங்க, அது வெப்பத்துல எழுத்து வர்ற பேப்பர், சேலம் வெயில்ல சீட்டுக்கு அடியில வெச்சா சீக்கிரமே வெள்ளைப் பேப்பர் ஆயிடும். பேட்டரி, டயர் மாதிரி வாரன்ட்டி இருக்கற பொருளோட பில்லை அன்னைக்கே ஜெராக்ஸ் எடுத்து நோட்டுல ஒட்டிடுங்க.

மலை ஏறுற வண்டிக்கும் டவுன் வண்டிக்கும் ஒரே கணக்கா?

இதைக் கேட்டவருக்கு பெரிய நன்றி, ஏன்னா சர்வீஸ் புத்தகத்துல இது இருக்காது. சேலம் டவுன் கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர், நடுவுல ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ரோடுதான். மீட்டருக்கு அதுவும் 30 கிலோமீட்டர், ஓமலூர் ஹைவேயில போனாலும் 30 கிலோமீட்டர். ஆனா கிளட்ச் பிளேட்டுக்கும் பிரேக் ஷூவுக்கும் ரெண்டும் ஒண்ணு கிடையாது. நான் ஒவ்வொரு மாசமும் கடைசியில எத்தனை தடவை மலை ஏறுனேன்னு "ம 12", "ம 14"ன்னு ஓரத்துல குறிச்சிடுவேன். அதை வெச்சுப் பார்த்தா, நான் டவுன்லயே சுத்திட்டு இருந்த வருஷம் பின் ஷூ 18 ஆயிரம் ஓடுச்சு, மலை ஓட்டம் அதிகமான வருஷம் 9 ஆயிரத்துலயே தேஞ்சு போச்சு. இது என் வண்டிக்கு, என் ஓட்டத்துக்கு வந்த கணக்கு, உங்களுக்கு வேற வரும், அதனாலதான் நீங்களே எழுதிப் பார்க்கணும்னு சொல்றேன்.

அப்புறம் கார்புரேட்டர் வண்டி வெச்சிருக்கறவங்க டியூனிங் எங்க பண்ணுனதுன்னு கட்டாயம் எழுதுங்க. மேல போகப் போக காத்து மெலிசாகும், பெட்ரோல் அதே அளவு வரும், அதனால கீழ சரியா டியூன் பண்ணுன வண்டி மேல கொஞ்சம் பெட்ரோல் அதிகமா குடிச்சு பிளக் கருத்துப் போகும். ஏற்காடு ஒண்டிக்கடைகிட்ட ஐட்லிங் நிக்கலைன்னு அங்கயே ஸ்க்ரூவைத் திருப்பிட்டு, கீழ வந்தப்புறம் வண்டி சூடாகுது இழுவை இல்லன்னு சொல்ற ஆளுங்களை நான் பார்த்திருக்கேன். நோட்டுல "ஏற்காட்டுல ட்யூன் பண்ணுனது, ஏர் ஸ்க்ரூ கால் சுத்து"ன்னு இருந்தா கீழ வந்ததும் திருப்பி வெச்சுக்கலாம். கார்புரேட்டர் இல்லாத எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டிக்கு இந்தத் தொல்லை இல்ல, அது சென்சார் வெச்சு தானே சரி பண்ணிக்கும்.

ஏர் ஃபில்டரும் அப்படித்தான். மாக்னசைட் சுரங்கம் பக்கம் வெள்ளைக்கல் தூசியில தினமும் போறவங்க, புத்தகத்துல போட்ட கிலோமீட்டர் வரைக்கும் காத்திருக்காதீங்க, கழட்டிப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க, ரெண்டு மூணு தடவையில உங்க ரோட்டுக்கு எத்தனை கிலோமீட்டர்னு தெரிஞ்சிடும். 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழையில மலைப்பாதையில மண் சரிஞ்சப்போ, அதுக்கப்புறம் கொஞ்ச நாள் சேத்துலயே ஓட்டுனேன், அந்த மாசம் மட்டும் செயினுக்கு நாலு தடவை லூப் ஆயில் அடிச்சதா நோட்டுல இருக்கு, வழக்கமா 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவைதான்.

ஸ்பீடோமீட்டர் மாத்திட்டேன், இப்ப மீட்டர் 0-ல இருந்து ஓடுது, பழைய கணக்கு என்ன ஆகும்?

கழட்டுறதுக்கு முன்னாடி பழைய மீட்டரை போட்டோ எடுத்து ரீடிங்கை எழுதிடுங்க. என்னோடது 71,640-ல மாத்துனது, அதனால புது மீட்டர்ல 42,180-ன்னா மொத்தம் 1,13,820. இதை நோட்டோட முதல் பக்கத்துலயே பெருசா எழுதியிருக்கேன். விக்கும்போது யாரும் மீட்டரைச் சுத்தி வெச்சிருக்கன்னு சொல்ல முடியாது பாருங்க. ஸ்பீடோ கேபிள் அறுந்து கொஞ்ச நாள் ஓட்டியிருந்தீங்கன்னா அதையும் தேதியோட எழுதுங்க, "10 நாள் மீட்டர் ஓடலை, சுமார் 300"ன்னு போதும்.

மைலேஜை எப்படி சரியா கணக்கு பண்றது?

டேங்க் ஃபுல் பண்ணி மீட்டர் பார்க்கணும், அடுத்த தடவை அதே அளவுக்கு ஃபுல் பண்ணி எத்தனை லிட்டர் புடிச்சுதுன்னு பார்க்கணும், ஓடுன கிலோமீட்டரை லிட்டரால வகுக்கணும். 386 கிலோமீட்டர், 7.9 லிட்டர்னா 48.9. ரெண்டு தடவையும் வண்டியை ஒரே மாதிரி நிறுத்துங்க, சைடு ஸ்டாண்டுல ஒரு தடவை சென்டர் ஸ்டாண்டுல ஒரு தடவைன்னா அளவு மாறிடும். 200 ரூபாய்க்கு அடிச்சு மைலேஜ் பார்க்கறேன்னா வேலைக்காகாது.

ஒரு தடவை வர்ற நம்பரை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க. அஞ்சாறு தடவை வரிசையா எழுதுனா அது பேச ஆரம்பிக்கும். மெதுவா இறங்கிட்டே வந்தா ஏர் ஃபில்டர், டயர் காத்து, பிளக். திடீர்னு இறங்குனா பிரேக் புடிச்சுக்கிட்டு வீல் இறுக்கமா சுத்துதான்னு முதல்ல பாருங்க. இப்ப எல்லா பங்க்லயும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்துடுச்சு, எத்தனால்ல பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி, அதனால கொஞ்சம் குறையத்தான் செய்யும், எவ்வளவுன்னு உங்க பழைய கணக்கு கையில இருந்தாதான் சொல்ல முடியும். பழைய வண்டிக்கு பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் ரப்பர் வாஷர் எல்லாம் எப்ப மாத்துனதுன்னும் சேர்த்துக் குறிங்க.

எந்த ஆயில்னு எழுதுறது அவ்வளவு முக்கியமா? ஆயில் ஆயில்தானே.

இல்லைங்க. 2019-ல வெளியூர் போயிருந்தப்போ ஒரு ரோட்டோரக் கடையில ஆயில் மாத்துனேன், அவசரத்துல டப்பாவைப் பார்க்கலை. ரெண்டு நாள் கழிச்சு மலை ஏறுறேன், பத்தாவது வளைவு தாண்டுனதும் ஆக்சிலரேட்டர் குடுத்தா சத்தம் மட்டும் ஏறுது, வண்டி ஏறலை. கிளட்ச் போச்சுன்னு நெனைச்சேன், ஆனா நோட்டைப் பார்த்தா கிளட்ச் பிளேட் மாத்தி 6 ஆயிரம் கூட ஆகலை, அந்தப் பக்கத்துல புதுசா நடந்த ஒரே மாற்றம் அந்த ஆயில்தான். கடைக்குப் போன் பண்ணி கேட்டப்போதான் அது கார் ஆயில்னு தெரிஞ்சுது. நம்ம பைக்ல கிளட்ச் பிளேட் இன்ஜின் ஆயில்லயே ஊறிக்கிட்டு இருக்கும், சில கார் ஆயில்ல வழுக்குறதுக்குன்னே மருந்து சேர்த்திருப்பாங்க, அது பிளேட்ல ஏறுனா புடிப்பு போயிடும். பைக் ஆயில் டப்பாவுல ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2-ன்னு போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்கணும். எனக்கு கடைசியில பிளேட்டும் மாத்த வேண்டியதாயிடுச்சு. அதுல இருந்து கிரேடு, டப்பாவுல போட்டிருக்கறது, எத்தனை மில்லி ஊத்துனது எல்லாமே எழுதுறேன். நடுவுல டாப்-அப் பண்ணாலும் எழுதுங்க, ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் சாப்பிடுதுன்னு தெரிஞ்சா பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கறது முன்கூட்டியே தெரியும், என் வண்டி ரீபோருக்கு (சிலிண்டரைக் கடையற வேலைக்கு) வந்ததை புகை வர்றதுக்கு முன்னாடியே நோட்டு காட்டிடுச்சு.

டயருக்கு என்ன எழுதணும்?

டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 2319-ன்னா 2019-ல 23-ஆவது வாரம் செஞ்சது. வாங்கும்போதே பார்த்து எழுதிடுங்க, கடையில ரெண்டு மூணு வருஷம் கிடந்த டயரையும் புதுசுன்னுதான் தருவாங்க. அப்புறம் பஞ்சர் எத்தனை, எந்த இடத்துல.

செயின் ஸ்பிராக்கெட் மாத்துற நேரம் வந்துடுச்சான்னு நோட்டை வெச்சு சொல்ல முடியுமா?

சொல்லலாம். செயின் டைட் வெச்ச தேதிகளை மட்டும் பாருங்க. முதல்ல 2 ஆயிரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் ஆயிரத்துக்கு, அப்புறம் 400-க்கேன்னு இடைவெளி சுருங்கிட்டே வந்தா செயின் செட் முடிஞ்சுது. செயின், முன் பல்லு, பின் பல்லு மூணையும் சேர்த்தே மாத்துங்க, செயினை மட்டும் மாத்துனா பழைய பல்லு புது செயினைத் தின்னுடும்.

நான் நோட்டை எடுத்தா மெக்கானிக் அண்ணன் தப்பா நெனைப்பாரோ?

எனக்கும் முதல்ல இந்தக் கூச்சம் இருந்துச்சு. நம்ம ஊர்ல பட்டறைன்னா பழக்கம்தான், பத்து வருஷமா கை வைக்கிற மனுஷன், அவர்கிட்ட கணக்கு கேக்குற மாதிரி ஆயிடக் கூடாதுல்ல. நான் என்ன பண்ணேன்னா, வேலை முடிஞ்சு டீ குடிக்கும்போது "அண்ணா, என்னென்ன பண்ணுனீங்க, சொல்லுங்க எழுதிக்கறேன், எனக்கு மறந்துடும்"னு கேப்பேன். அவர் சொல்லச் சொல்ல எழுதுவேன். கொஞ்ச நாள்லயே அவரே "இதையும் எழுதிக்க, பின்னாடி வீல் பேரிங் லேசா ஆடுது, அடுத்த தடவை பார்த்துக்கலாம்"னு சொல்ல ஆரம்பிச்சுட்டார். நல்ல மெக்கானிக்குக்கு அவர் வேலையை ஒருத்தன் மதிச்சு எழுதுறான்னா சந்தோஷம்தான். இப்ப அவரே என் நோட்டை வாங்கிப் பார்த்துட்டுத்தான் ஸ்பேனரை எடுக்கறார்.

கழட்டுன பழைய பார்ட்டை கேட்டு வாங்குங்க, சந்தேகத்துக்காக இல்ல, தேய்மானம் எந்தப் பக்கம் இருக்குன்னு பார்த்து எழுதத்தான். என் பிரேக் பேடு ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருந்துச்சு, காலிப்பர் பின் இறுகியிருக்குன்னு அப்படித்தான் தெரிஞ்சுது.

எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் எல்லாம் எழுதணுமா? லைட்டு, ஹேண்டில் பார், சைலன்சர்னு மாத்தியிருக்கேன்.

சர்வீஸை விட இதைத்தான் தம்பிங்க விவரமா எழுதணும். லைட்டு போட்டீங்கன்னா எந்த வயர்ல இருந்து கனெக்ஷன் எடுத்தது, ரிலே இருக்கா, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், எங்க ஒளிச்சு வெச்சிருக்காங்க, சுவிட்ச் எந்தப் பக்கம், எல்லாத்தையும் எழுதி டேப் சுத்துறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ. மூடுபனியில லைட் அவிஞ்சு போச்சுன்னா, ஏற்காடு நாகலூர் ரோட்டுல ராத்திரி எட்டு மணிக்கு எந்த எலக்ட்ரீஷியன் வருவார்? ஃபியூஸ் எங்கன்னு தெரிஞ்சா நீங்களே மாத்திட்டு வந்துடலாம். கழட்டுன கம்பெனி பார்ட்டை பழைய இரும்புக்குப் போடாம சாக்குல கட்டி பரண் மேல வைங்க, சாக்குல என்ன இருக்குன்னும் நோட்டுல எழுதுங்க.

சட்டத்தையும் சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி ஆர்சியில இருக்கற விவரத்துக்கும் கம்பெனி குடுத்த அமைப்புக்கும் மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 திருத்தத்துல வந்த 182ஏ(4) பிரிவுல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லன்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். கலர் மாத்துனா ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதிக் குடுத்து ஆர்சியில ஏத்தணும். சத்தம் போடுற சைலன்சரைப் பத்தி என் கருத்தை நேராவே சொல்றேன், மலையில ஆஸ்பத்திரி இருக்கு, ஸ்கூல் இருக்கு, காட்டுல மாடும் காட்டெருமையும் இருக்கு, அதைக் கழட்டிடுங்க. இன்சூரன்ஸ்காரங்களுக்கும் சொல்லாம மாத்தி வெச்சா கிளெய்ம் வரும்போது பிரச்சனை. பின் வீலுக்கு பெரிய டயர் போட்டாலோ ஸ்பிராக்கெட் பல்லு மாத்துனாலோ சில வண்டில மீட்டரே தப்பா காட்டும், மாத்துன தேதி இருந்தாதான் அதுக்கப்புறம் வர்ற மைலேஜ் கணக்கை நம்பலாமா வேண்டாமான்னு தெரியும்.

பேப்பர் விவரமும் அதே நோட்டுலயா?

ஆமா, கடைசிப் பக்கத்துல. இன்சூரன்ஸ் முடியற தேதி, புகை சர்டிஃபிகேட் முடியற தேதி, ஆர்சி 15 வருஷம் முடியற தேதி. என்னோடது 2028-ல முடியுது, அப்ப வண்டியை ஆர்டிஓ ஆபீஸ்ல காட்டி 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கணும், இப்பவே எழுதி வெச்சிருக்கேன்.

வண்டி வாங்கி எட்டு வருஷம் ஆச்சு, ஒரு பில்லும் இல்ல. இனிமே எழுதி என்ன பிரயோஜனம்?

முதல் வரியா இன்னைக்கு மீட்டர் ரீடிங்கை எழுதுங்க. அடுத்த சர்வீஸ்ல எது எப்ப மாத்துனதுன்னு தெரியாதோ அதையெல்லாம் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க, தெரியலைன்னா "தெரியாது"ன்னே எழுதுங்க. பிரேக் ஆயிலை மட்டும் யோசிக்காம மாத்திடுங்க, பெரிய செலவு இல்ல. பழைய மெக்கானிக், பேட்டரிக் கடை, ஜிபே ஹிஸ்டரி இதையெல்லாம் தோண்டுனா பாதி தேதி கிடைக்கும்.

வண்டியை வித்தா நோட்டைக் குடுத்துடணுமா?

குடுக்கலாம், குடுக்கணும்னுதான் நான் சொல்வேன். உங்க போன் நம்பர், அட்ரஸ், பாலிசி நம்பர் இருக்கற பக்கத்தை மட்டும் கிழிச்சு எடுத்துட்டு, மத்ததை ஜெராக்ஸ் போட்டு ஒரு காப்பி வெச்சுக்கிட்டு குடுங்க. ஆர்சியில பேர் மாத்துற ஃபார்ம் 29, 30-ல கையெழுத்துப் போட்டதோட விடாம பேர் மாறிடுச்சான்னு பார்த்து அந்தத் தேதியையும் உங்க காப்பில எழுதிடுங்க.

எங்க அப்பா வண்டியை 2021-ல மஞ்சக்குட்டை பக்கம் காப்பி எஸ்டேட்ல வேலை பாக்குற ஒரு அண்ணனுக்குக் குடுத்தோம். அவர் விலையைப் பத்தி ஒரு வார்த்தை கூட பேசலை, நோட்டைத்தான் அரை மணி நேரம் புரட்டிப் பார்த்தார். போன வாரம் ஒண்டிக்கடையில பார்த்தேன், சீட்டுக்கு அடியில பாலித்தீன் கவர்ல சுத்தி அதே நோட்டை வெச்சிருக்கார், அப்பா எழுத்துக்குக் கீழ அவர் எழுத்து, கடைசி வரி "முன் ஃபோர்க் ஆயில் சீல் கசிவு, இடது பக்கம் மட்டும்". சீட்டுக்கு அடியில வைக்காதீங்கண்ணா, மழையில போயிடும்னு சொல்லிட்டு வந்தேன்.